கீழ் வரிசை

இடது என்றுதான் சொன்னாள். காலையில் அந்தத் தீக்காய வார்டு டாக்டர், தூங்காத கண்களோடு, பேனாவை மூடியும் திறந்தும் கேட்டபோது செண்பகவல்லி கொஞ்சமும் யோசிக்கவில்லை. முதலாமாண்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிற அதே குரலில், "கீழ் வரிசை முன்பல். நடுப்பல்லுக்கு அடுத்த இடது பக்கப்பல். கொஞ்சம் திரும்பி நிக்கும், கதவை ஒருக்களிச்சு வச்ச மாதிரி" என்று சொல்லிவிட்டாள். அவரும் பக்கத்தில் நின்றவரிடம், மேடம் டென்டல் காலேஜ்ல பாடம் நடத்துறவங்க, நமக்கு வேலை சுலபம், என்று சொல்லிவிட்டுப் போனார். வராந்தாவுக்கு வந்து இந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. இடது என்றால் எந்த இடது? புருஷன் உடம்புக்கு இடதா, எதிரே நின்று பார்க்கிற இவளுக்கு இடதா? ஊரில் வேறு எவளுக்காவது இப்படி ஒரு சந்தேகம் வருமா? கட்டின புருஷனை அடையாளம் சொல்ல ஒரே ஒரு பல்தான் மிச்சம் இருக்கிறது, அதுவும் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறாள் பல் டாக்டர்.

நடந்ததைச் சொல்ல நாலு வரி போதும். நேற்று சாயங்காலம் கயத்தாறு தாண்டி, நான்குவழிச் சாலையில், காற்றாலைக் கம்பெனி ஜீப் ஓரமாக நின்ற லாரியில் போய் மோதித் தீப்பிடித்துக்கொண்டது. உள்ளே இரண்டு பேர். ஒருவர் இவள் கணவர் ஆவுடையப்பன், காற்றாலைகளைப் பார்த்துக்கொள்கிற இன்ஜினியர். இன்னொருவர் அந்த ஜீப்பின் டிரைவர் சேசுராஜ். வழியில் போனவர்கள் கதவை உடைத்து ஒருவரை வெளியே இழுத்துப் போட்டார்கள், அவருக்கு உயிர் இருந்தது. இன்னொருவரை நெருங்க முடியவில்லை. உயிரோடு வந்தவர் உள்ளே படுத்திருக்கிறார், தலை முதல் பாதம் வரை கட்டு, வாயில் குழாய், விரல்கள் எல்லாம் கட்டுக்குள். அவர் இவரா அவரா என்று யாருக்கும் தெரியாது. கம்பெனி இரண்டு பேருக்கும் ஒரே நீலச் சட்டைதான் கொடுத்திருந்தது. உயரமும் பருமனும் வயதும் ஏறக்குறைய ஒன்று. ரத்த வகைகூட ஒன்றாகப் போய்த் தொலைந்தது. ஓட்டுகிற இடத்தில் இருந்தவரைத்தான் இழுத்தார்கள் என்கிறார்கள், சரி, டிரைவர்தானே என்று விட முடியுமா? ஆவுடையப்பனுக்கு அந்தப் பழக்கம் உண்டு. வெயில் காலத்தில் பாதி வழியில் வண்டியை நிறுத்தி, நீ கொஞ்சம் கண்ணசரு சேசு, நான் ஓட்டுறேன், என்று இடம் மாறிக்கொள்வார். நேற்றும் மாறினாரா? யாரைக் கேட்பது? டி.என்.ஏ. முடிவு வர நாளாகும் என்றார்கள். பிணவறையில் இருப்பவரைப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, வேண்டாம் மேடம், அங்க பாக்க ஒண்ணும் இல்ல, முன்பல்லுகூட மிஞ்சல, என்றார் டாக்டர். உள்ளே இருப்பவருக்குக் கீழ்வரிசை முன்பற்கள் நன்றாக இருக்கின்றனவாம், ஆனால் உதடு வீங்கி மூடிக் கிடக்கிறதாம். நர்ஸ் மத்தியானம் வாய் சுத்தம் செய்யும்போது உதட்டைக் கீழே இழுப்பாள், அப்போது வந்து பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் காத்திருப்பது.

கீழ் வரிசை. அதைப் பற்றி அவளைக் கேட்டால் ராத்திரி பகலாகச் சொல்லுவாள். வாயிலேயே மிகச் சிறிய பல் கீழ் நடுப்பல். மேலே நடுப்பல்தான் பெரியது, பக்கப்பல் சிறியது, கீழே அது தலைகீழ், பக்கப்பல்தான் கொஞ்சம் அகலம். நடுப்பல்லைத் தனியாகக் கையில் கொடுத்தால் அது இடதா வலதா என்று சொல்ல நல்ல படித்தவனே திணறுவான், இரண்டு பக்கமும் அப்படி ஒரே மாதிரி. பக்கப்பல் அப்படி ஏமாற்றாது. தாடையின் வளைவுக்கு ஏற்ப அதன் தலை வேரின் மேல் லேசாகத் திரும்பியிருக்கும், எல்லோருக்குமே. ஆவுடையப்பனுக்கு அது லேசாக இல்லை, நன்றாகவே திரும்பியிருக்கும், இடம் போதாமல் பஸ்ஸில் ஒருச்சாய்ந்து நிற்கிறவர் மாதிரி. இதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. திரும்பிய பல் ஒன்று உண்டு, அது பக்கப்பல்தான், கீழேதான். எந்தப் பக்கம் என்பது மட்டும்தான். பிள்ளைகளை எதிரும் புதிருமாக நிற்க வைத்து, கையைத் தூக்கச் சொல்லி, வருஷா வருஷம் தொண்டை வறளக் கத்துவாளே, நோயாளியோட இடது, உன்னோட இடது இல்ல, மறந்தா நல்ல பல்லைப் பிடுங்கிப்புடுவே என்று. கத்திக் கத்தி அவள் மூளையே அப்படித் திருப்பி வைத்த மாதிரி ஆகிவிட்டது. எதிரே உட்கார்ந்தவரின் இடம் வலம் தானாக மாறி மாறி விழும். வீட்டில், உங்க இடது கன்னத்துல சோறு ஒட்டியிருக்கு, என்பாள். அவர் கையை நடுவழியில் நிறுத்திக்கொண்டு, டாக்டரோட இடதா, பேஷன்ட்டோட இடதா, என்று கேட்பார். மகன் விழுந்து விழுந்து சிரிப்பான். அப்போது அவளும்தான் சிரித்தாள்.

சரி, நிதானமாக யோசிப்போம் என்று கண்ணை மூடினாள். திரும்பிய பல்லை எங்கே பார்த்தோம்? சாப்பாட்டு மேஜையில் எதிரே. மாங்கொட்டையைச் சப்பும்போது உதடு கீழே இறங்கும், அந்தப் பல் தெரியும். எந்தப் பக்கம்? ஜன்னல் பக்கம். ஜன்னல் அவளுக்கு வலது கை பக்கம். அப்படியென்றால் அவருக்கு இடது. இடது, சரிதான், சொன்னது சரிதான். மூச்சு விட்டாள். விட்ட மூச்சு முடிவதற்குள், வீடு மாறினோமே, என்று வந்தது. பாளையங்கோட்டை வீட்டு ஜன்னலா, இப்போதைய வீட்டு ஜன்னலா? பழைய வீட்டில் ஜன்னல் அந்தப் பக்கம். மாங்கொட்டை எந்த வீட்டில்? அதை விட்டுவிட்டு வாஷ்பேசினுக்குப் போனாள். அவர் சவரம் செய்யும்போது கீழுதட்டை உள்பக்கம் இழுத்து, பிறகு முன்னால் தள்ளி, கோணல்மாணலாக முகத்தை வைத்துக்கொள்வார், பின்னால் நின்று தலை வாருகிற இவளுக்குக் கண்ணாடியில் அந்தப் பல் தெரியும். கண்ணாடியில் அது வலது பக்கமாகத் தெரிந்தது. கண்ணாடியில் வலது என்றால், பின்னால் நிற்கிறவளுக்கு வலது என்றால், அவருக்கும் வலது. வலதா? இல்லை, அது கண்ணாடியே இல்லையோ, திரும்பி இவளைப் பார்த்து, என்ன பாக்குற, என்று கேட்டபோது தெரிந்ததோ? எந்த ஞாபகத்தில் கண்ணாடி இருக்கிறது, எதில் இல்லை? அவளுடைய உதட்டுக்கும் அந்தப் பல் தெரியும், கல்யாணமான புதிதில் ஒரு முறை குத்தியதுகூட உண்டு. ஆனால் உதட்டின் ஞாபகத்தில் இடமும் இல்லை வலமும் இல்லை, வெறும் பல்தான் இருக்கிறது. போனில் இருக்கிற படங்களையெல்லாம் விடிகாலையிலேயே பார்த்து முடித்துவிட்டாள். எல்லாவற்றிலும் சிரிக்கிறார். சிரித்தால் மேல் வரிசைதான் தெரியும். வயது ஏற ஏற உதடு தொய்ந்து கீழ் வரிசை வெளியே வரும் என்று வகுப்பில் சொல்லுவாள். இந்த மனுஷனுக்கு இன்னும் அந்த வயது வரவில்லை.

"டாக்டரம்மா, தண்ணி குடிக்கீயளா?" பக்கத்து நாற்காலியிலிருந்து ஜெசிந்தா பாட்டிலை நீட்டினாள். சேசுராஜின் மனைவி. கையில் ஜெபமாலை, மடியில் யாரோ வாங்கிக் கொடுத்த பன், பிரிக்கவே இல்லை. நேற்றிலிருந்து இரண்டு பேரும் இப்படித்தான் பக்கத்தில் பக்கத்தில். அழும்போது ஒருத்தி முதுகை ஒருத்தி தடவிக்கொடுக்கிறார்கள், தடவுகிற கை என்ன நினைக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியும், இரண்டு பேரும் சொல்வதில்லை. செண்பகம் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, எத்தனையாவது தடவையோ, கேட்டாள். "நல்லா யோசிச்சுப் பாரு ஜெசிந்தா. சேசுக்குக் கீழ்ப்பல்லு எப்படி இருக்கும்? ஏதாவது உடைஞ்சிருக்குமா? சந்து விட்டிருக்குமா?" ஜெசிந்தா நிஜமாகவே யோசித்தாள், நெற்றியெல்லாம் சுருங்கியது. "பல்லையெல்லாம் யாரு பாத்தாக்கா? பல்லு பல்லு மாரிதான் இருக்கும். அவிய சாப்புடுவாவ, சிரிப்பாவ, வையுவாவ. அதுல பல்ல மட்டும் எப்படிக்கா தனியாப் பாக்க?" என்றாள். பிறகு, ஏதோ தப்புச் செய்துவிட்டவள் போல, "பாத்திருக்கணும், என்னக்கா? பொண்டாட்டின்னா பாத்து வச்சிருக்கணும்" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். செண்பகம் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பாத்து வச்சவ மட்டும் என்ன வாழுது, என்று நினைத்துக்கொண்டாள்.

சேசுராஜின் பல்லை அவளும் பார்த்ததில்லை. எத்தனை வருஷம் அந்த ஜீப்பில் பின்சீட்டில் போயிருக்கிறாள், திருச்செந்தூருக்கு, குற்றாலத்துக்கு, மகனை ஹாஸ்டலில் விட. அவளுக்குத் தெரிந்த சேசுராஜ் ஒரு பிடரி. ஓட்ட வெட்டிய முடி, சட்டைக் காலரில் வியர்வைக் கறை, கண்ணாடியில் அவ்வப்போது இரண்டு கண். பேசுவதெல்லாம் முன்கண்ணாடியைப் பார்த்துத்தான் பேசுவார். ஒரு பிடரிக்கு என்ன பல் இருக்கும்? அவருக்கும் ஒரு பக்கப்பல் திரும்பியிருந்தால்? இல்லாத விஷயமா, கீழ் வரிசையில் நெரிசல் பாதி ஜனத்துக்கு உண்டு. உள்ளே போய்ப் பார்க்கும்போது இடது திரும்பியிருந்தால் ஆவுடையப்பன், வலது திரும்பியிருந்தால் சேசுராஜ் என்று சொல்லப்போகிறாளா, தலையில் இருக்கிற இந்தக் குழப்பத்தை வைத்துக்கொண்டு? வலது திரும்பியிருந்து, காலையில் இடது என்று சொன்னீங்களே மேடம் என்று டாக்டர் கேட்டால், இல்லை அது எனக்கு இடது, என்றால் நம்புவாரா? ஆசையில் மாற்றிச் சொல்கிறாள் என்று நினைக்க மாட்டாரா? தானே அப்படி நினைக்க மாட்டோமா? தெய்வமே, அவராக இருக்கட்டும். நினைத்த உடனே மடியில் இருந்த ஜெசிந்தாவின் கை கனத்தது. அவராக இருக்கட்டும் என்றால் இவள் புருஷன் போகட்டும் என்றுதானே அர்த்தம். வேறு எப்படி வேண்டிக்கொள்வது? இரண்டு பேரும் உயிரோடு இருக்கட்டும் என்று வேண்ட நேற்றோடு நேரம் முடிந்துவிட்டது. ஜெசிந்தா அந்த மணிகளை உருட்டி உருட்டி என்ன கேட்கிறாள், அதேதானே கேட்கிறாள். செண்பகத்துக்கு அதில் கோபம் வரவில்லை. பயமாக இருந்தது, அந்தப் பக்கத்து வேண்டுதல் வலுவாக இருந்துவிடுமோ என்று.

நேற்றுக் காலை அவர் கிளம்பும்போது இவள் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாய் நிறைய நுரை. கதவோரம் நின்று, வரட்டுமா, என்றார். ம், என்றாள். திரும்பிப் பார்த்தாளா? பார்த்த மாதிரியும் இருக்கிறது. எனக்குக் காட்டுங்க, ஒரு தடவை வாயைத் திறங்க, கறை பிடிச்சிருக்கும், நாக்குக்கு அடியில எச்சில் சுரக்கிற வாசல் அங்கதான் இருக்கு, அதனாலதான் கீழ் முன்பல் பின்னால முதல்ல கறை கட்டும், என்று எத்தனை தடவை கெஞ்சியிருக்கிறாள். திறக்கவே மாட்டார். ஊரான் வாயெல்லாம் பார்க்கிறே, என் வாயை மட்டும் விட்டுடு, பொண்டாட்டியா இரு, போதும், என்பார். பிடிவாதமாக ஒரு தடவையாவது நாற்காலியில் உட்கார்த்தி வைத்து, விளக்கைப் போட்டு, கண்ணாடியை உள்ளே விட்டிருந்தால் இப்போது பல் பல்லாகச் சொல்லியிருப்பாள். விட்டுக்கொடுத்தாள். மகனுக்கு முதல் பல் முளைத்தபோதும் அப்படித்தான், கீழே நடுப்பல், எல்லாக் குழந்தைக்கும் அதுதான் முதலில் வரும். மாமியார் பல்லுக்கொழுக்கட்டை செய்து, குட்டிக் குட்டியாக, பிள்ளையின் தலையில் கொட்டினார்கள். கொழுக்கட்டை உருண்டு ஓட, பிள்ளை மிரண்டு அழ, இவர் விரலை உள்ளே விட்டு, எங்க பல்லு, எங்க பல்லு, என்று தடவ, அது நறுக்கென்று கடித்தது. ஆ, என்று அவர் வாயைத் திறந்தார். அங்கே, அப்போது, அந்தப் பல். இவள் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் என்றால் எந்தப் பக்கம்? பிள்ளை யார் மடியில்? மகன் இப்போது கோயம்புத்தூரிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருக்கிறான், அப்பாவுக்குக் கொஞ்சம் அடி, வா, என்றுதான் சொல்லியிருக்கிறாள். கொஞ்சம் அடி என்பதே நல்ல சேதியாக ஆகிவிடும் என்று நேற்று இந்நேரம் யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பாள். மறுபடியும் ஜன்னல். மறுபடியும் கண்ணாடி. இடது. வலது. சொல்லிச் சொல்லி அந்த இரண்டு வார்த்தையும் சத்தமாக மட்டும் மிஞ்சின.

"பல் டாக்டர் மேடம், வாங்க" என்று நர்ஸ் கதவைத் திறந்தாள். ஜெசிந்தாவும் கூடவே எழுந்துவிட்டாள், நர்ஸ் கையைக் காட்டி உட்கார வைத்தாள். பச்சை அங்கி, தலைக்குத் தொப்பி, முகமூடி, கையுறை. கையுறை மாட்டும்போது விரல்கள் தாமாகவே வேலை நாளின் விரல்களாக ஆகிவிட்டதை அவள் பார்த்தாள். உள்ளே குளிர். மருந்து வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை, அதை மூக்கு வேண்டாம் என்றது. கட்டுக்குள் ஒரு ஆள். மார்பு ஏறி இறங்கியது, தானாக ஏறவில்லை, இயந்திரம் ஏற்றியது. கட்டிலருகே அந்தக் காலை டாக்டர். நர்ஸ் வாயோரத்து ஒட்டுத் துணியை நீக்கி, குழாயை ஒரு ஓரமாக ஒதுக்கி, எச்சிலை உறிஞ்சி எடுத்து, நனைத்த துணியால் துடைத்தாள். பிறகு விரலால் வீங்கிய கீழுதட்டைப் பிடித்து மெதுவாகக் கீழே இழுத்தாள். செண்பகம் குனிந்தாள். எதிரே நிற்கிறேன், அவருக்கு இடது எனக்கு வலது, என்று பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி தனக்கே சொல்லிக்கொண்டு பார்த்தாள்.

நான்கு பற்கள். வரிசையாக, தோளோடு தோள், ஒன்றுகூடப் பிசகாமல். நடுவில் இரண்டு சிறியவை, இருபுறமும் கொஞ்சம் அகலமான இரண்டு, வெட்டும் விளிம்பு தேய்ந்து சமமாக, வகுப்பில் மேஜைமேல் வைத்திருக்கிற பிளாஸ்டர் அச்சு மாதிரி. இடதும் திரும்பவில்லை. வலதும் திரும்பவில்லை. காலையிலிருந்து அவள் கட்டிப்புரண்ட கேள்விக்கே இங்கே இடம் இல்லை. முதலில் வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். இவ்வளவு ஒழுங்காக எதற்கு இருக்க வேண்டும் ஒரு மனுஷனின் பல்? கொஞ்சம் கோணியிருந்தால் என்ன குறைந்துவிடும்? குழாய் தள்ளி நேராக்கியிருக்குமோ, என்று ஒரு நினைப்பு ஓடியது. வீக்கத்தில், சூட்டில், ஏதாவது? பிள்ளைகளில் ஒருத்தி பரீட்சையில் இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையால் அடித்திருப்பாள். இத்தனை வருஷம் ஒருச்சாய்ந்து நின்ற பல் ஒரு ராத்திரியில் நிமிர்ந்து நிற்காது. "மேடம்?" என்றார் டாக்டர். இவர்தான், என்று சொன்னால் என்ன? யார் மறுக்கப் போகிறார்கள்? ஜெசிந்தாவுக்குப் பல் தெரியாது, டாக்டருக்குப் பல் படிப்பு இல்லை, முடிவு வர நாளாகும். அதுவரை அவருக்கு உயிர் இருக்கும். இந்த மார்பு ஏறி இறங்குவது அவருடைய மார்பாக இருக்கும். மகன் வந்து கண்ணாடி வழியே பார்த்து, அப்பா, என்பான். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது, சத்தியமாக வந்தது. நர்ஸ் இன்னும் உதட்டைப் பிடித்துக்கொண்டே இருந்தாள், பார்த்துக்கொண்டே இருக்கும்படி. எத்தனை தடவை பார்த்தாலும் அவை நேராகவே நின்றன.

"எங்க வீட்டுக்காரர் இல்ல" என்றாள். குரல் வகுப்புக் குரலாகத்தான் வந்தது. "விட்டுருங்கம்மா, வலிக்கப் போகுது அவருக்கு."

வெளியே ஜெசிந்தா நின்றுகொண்டிருந்தாள், ஜெபமாலை கையில் இறுகி, உருட்டுவதை நிறுத்தி. இவள் முகமூடியை இறக்கினாள். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று தெரியவில்லை. "உன் வீட்டுக்காரர்தான், ஜெசிந்தா. உசுரோட இருக்கார்" என்றாள். ஏசுவே, என்று ஜெசிந்தா அலறி, இவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, சிரிப்பும் அழுகையுமாக, நீங்க நல்லாருக்கணும், என் தாயே, நீங்க நல்லாருக்கணும்க்கா, என்று தோளில் முட்டிக்கொண்டாள். முட்டிக்கொண்டிருந்த தலை சட்டென்று நின்றது. கட்டிய கை தளரவில்லை. தோளுக்குள்ளேயே, யாருக்கும் கேட்காத குரலில், "அப்போ சாரு?" என்றாள்.

செண்பகம் அவள் கையை ஒவ்வொன்றாகக் கழுத்திலிருந்து எடுத்தாள். பச்சை அங்கியைக் கழற்றி ஜெசிந்தாவுக்கு மாட்டினாள், பின்னால் நின்று கயிறுகளை முடிந்தாள், கலைந்த முடியைத் தொப்பிக்குள் ஒதுக்கிவிட்டாள். "ஒரு ஆளைத்தான் உள்ள விடுவாங்க" என்றாள். "நீ போ."